அளவு மட்டும் போதுமோ?

தன்வழியே வரும் ஒலியலையிலோ மின்னலையிலோ சில அதிர்வெண்களை விடுத்துச் சிலவற்றைத் தடுக்கும் அமைப்பினை வடிகட்டி என்பர். அதனைச் சோதிப்போருட் பலர், ஒவ்வோர் அதிர்வெண்ணிலும் அது விடும் அளவை மட்டும் குறித்து ஒரு கோடு வரைந்து, அதனையே முழுக்கணக்கெனக் கொள்கின்றனர். பின்னர் அக்கோட்டைக்கொண்டு, காலம் செல்லச்செல்ல அவ்வடிகட்டி இயங்குமாற்றைக் கணிப்பொறியில் நிகழ்த்திக் காட்டவும் முற்படுகின்றனர். அக்கோடு பாதிக் கணக்கே என்பதும், மறுபாதியாகிய கட்டத்தையும் உடன் குறித்தல் கடன் என்பதும் எம் கருத்து.

இலக்கியம் கற்கும் நாம் இதனை எளிதில் உணரலாம். ஒரு வெண்பாவில் எவ்வெழுத்து எத்துணை முறை வந்துள்ளது எனப் பட்டியல் எழுதி வைத்து, ஏட்டைத் தொலைத்துவிட்டால், அப்பட்டியலினின்றும் அவ்வெண்பாவை மீட்க வல்லார் யார்? எழுத்து எத்துணை என்பதோடு, எவ்விடத்தது என்பதும் வேண்டுமன்றோ? அதிர்வெண்ணின் அளவு முன்னதைப் போல்வது. கட்டம் பின்னதைப் போல்வது.

மணியை அடித்தவுடன் ஓசை சட்டென எழுந்து மெல்லத் தேய்கின்றது. அதனைப் பதிவுசெய்து, இறுதியினின்று தொடக்கம்வரை மாற்றி ஒலிப்பித்தால், மெல்ல வளர்ந்து திடீரென அறும். கேட்போர் இரண்டையும் ஒன்றென்னார். ஆயினும் இரண்டிற்கும் அதிர்வெண் அளவுகள் சிறிதும் வேறல்ல; வேறுபடுவது கட்டமே. கட்டத்தைச் சுழியெனக் கொண்டு கணித்தாலோ, அடிக்கு முன்னரே மணி ஒலிப்பதாக விடை வரும். காரணத்திற்கு முன் காரியம் தோன்றும் கணக்கை நம்பி ஒரு கருவியைச் செய்தல் தகுமோ?

பெல் ஆய்வுக்கூடத்து அறிஞர் ஹெண்ட்ரிக் போடே, 1945இல் வெளிவந்த தம் நூலில், அளவினின்றே கட்டத்தைக் கணிக்கும் வழியை விளக்கினாரே எனச் சிலர் தடை நிகழ்த்துவர். மெய்யே. ஆயின், அவ்வழி குறைந்த கட்டமுடைய ஒருசார் அமைப்புகட்கே பொருந்தும். எல்லா அதிர்வெண்களையும் ஒரே அளவில் விட்டுக் கட்டத்தை மட்டும் மாற்றும் வடிகட்டிகளும் உள. வெறுங் காலத்தாழ்வும் அளவை மாற்றுவதின்று, கட்டத்தையே மாற்றும். இவற்றின் இயல்பை அளவுக்கோடு ஒருசிறிதும் உரைக்கமாட்டாது.

குறிப்பெடுக்கும் இடைவெளியும் கருதத்தக்கது. 10 ஹெர்ட்ஸுக்கு ஒருமுறை அளந்து, 1822இல் வெப்பநூல் வெளியிட்ட ஃபூரியேயின் முறையால் அதனைக் காலத்திற்கு மாற்றினால், விடைக்குக் கிடைக்கும் இடம் 1/10 நொடியே. அதனினும் நீண்ட ஓசை மடங்கி, பாம்பு தன் வாலைக் கவ்வினாற்போலத் தன் தொடக்கத்தின்மீதே விழும். 1 ஹெர்ட்ஸுக்கு ஒருமுறை அளப்பின் 1 நொடி இடம் உண்டாம்.

ஆதலின், ஆய்வுக்கூடத்து நண்பர்காள்! அளவுக்கோடு வரையுந்தோறும் அதன்கீழ்க் கட்டக்கோட்டையும் வரைமின், இடைவெளியையும் எழுதுமின். கருவி கைக்கண் உள்ளபொழுது இது சிறு முயற்சியே. கருவி அழிந்தபின், குறியாது விட்ட பாதியை நுமக்குப் பின் வருவோர் எங்ஙனம் பெறுவர்?