தொண்ணூறு நம்பர் ஆயில்

எங்கள் வீட்டு கராஜில் ஒன்றரை வருஷமாக கார் நிறுத்த இடமில்லை. காரணம், அங்கே ஏற்கெனவே ஒரு கார் நிற்கிறது. 1964-ல் கட்டின டிரையம்ஃப் ஹெரால்டு. பாதி கழற்றியது, பாதி மாட்டியது. தினமும் ஓட்டுகிற வண்டி மெல்பர்ன் மழையிலும் வெயிலிலும் வெளியே கிடக்கிறது. வீட்டில் இதைப் பற்றி என்ன பேச்சு நடக்கிறது என்பதை நீங்களே ஊகித்துக்கொள்ளுங்கள்.

ஹெரால்டு என்றதும் உங்களில் சிலருக்கு அப்பாவோ மாமாவோ ஞாபகம் வரலாம். டிரையம்ஃப் என்ற பெயரை அவர்களுக்குத் தெரியாது. அவர்களுக்கு அது ஸ்டாண்டர்டு ஹெரால்டு, மெட்ராஸ் கார். கல்கத்தா பக்கம் அம்பாசிடர், பம்பாயில் ஃபியட், மெட்ராஸில் ஸ்டாண்டர்டு என்று இருந்த காலம் அது. ஆனால் அதே கார் இங்கே மெல்பர்னிலும் கட்டப்பட்டது என்பது இதை வாங்கும்வரை எனக்கே தெரியாது. பானட்டைத் திறந்தால் ஒரு சின்னத் தகடு: ஏ.எம்.ஐ., அதாவது ஆஸ்திரேலியன் மோட்டார் இண்டஸ்ட்ரீஸ். போர்ட் மெல்பர்னில் இருந்த கம்பெனி. நான் பல வருஷம் ஆபீஸ் போய்வந்த பாதைக்குப் பக்கத்திலேயே இருந்திருக்கிறது.

ஒரு இங்கிலாந்து கார் எப்படி இரண்டு தூர தேசத்துத் துறைமுகங்களில் பிறந்தது? இதன் காரணம் எனக்கு ரொம்பப் பிடிக்கும், ஏனென்றால் அது ஒரு தட்டுப்பாட்டிலிருந்து வந்தது. கோவென்ட்ரியில் இருந்த ஸ்டாண்டர்டு-டிரையம்ஃப் கம்பெனிக்கு பாடி அடித்துக்கொடுத்த ஃபிஷர் அண்ட் லட்லோவை 1953-ல் போட்டிக் கம்பெனியான பி.எம்.சி. வாங்கிவிட்டது. முழு பாடியையும் ஒரே இடத்தில் அடித்துத்தர ஆளில்லை. அதனால் புதுக் காரைத் துண்டு துண்டாக வடிவமைத்தார்கள். கீழே தனி சேஸிஸ். மேலே முன்பகுதி, நடுப்பகுதி, பின்பகுதி, கூரை எல்லாம் தனித்தனியாக வந்து போல்ட்டில் சேரும். ஒவ்வொரு துண்டையும் ஒவ்வொரு பட்டறையில் அடிக்கலாம். உருவம் கொடுத்தவர் இத்தாலிக்காரர் ஜொவான்னி மிக்கெலோட்டி. 1959 ஏப்ரலில் கார் வெளியே வந்தது.

போல்ட்டில் சேருகிற காரைப் பெட்டிகளில் அடுக்கிக் கப்பலில் அனுப்புவதும் சுலபம். ஆஸ்திரேலியா, இந்தியா, நியூசிலாந்து, தென்னாப்பிரிக்கா, அயர்லாந்து என்று பெட்டிகள் போயின. அந்தந்த ஊரில் பிரித்து, மாட்டி, பெயின்ட் அடித்து, உள்ளூரில் கிடைப்பதை உள்ளூரிலேயே வாங்கிச் சேர்த்தார்கள். இங்கே ஏ.எம்.ஐ. 1966 வரை ஹெரால்டு கட்டியது. இடையில் 1963-ல் அதே கம்பெனி டொயோட்டா டியாராவையும் கட்ட ஆரம்பித்தது. அந்த நூல் அப்படியே நீண்டு 2017 அக்டோபரில் ஆல்டோனாவில் டொயோட்டா தொழிற்சாலை மூடிய நாளில்தான் அறுந்தது. அதே மாதம் ஹோல்டனும் அடிலெய்டில் நிறுத்தியது. ஃபோர்டு முந்தின வருஷமே நிறுத்திவிட்டது.

மெட்ராஸ் கதை இன்னும் நீளம். ஸ்டாண்டர்டு மோட்டார் புராடக்ட்ஸ் ஆஃப் இந்தியா 1948-ல் தொடங்கியது. வண்டலூர் பக்கம், ஜி.எஸ்.டி. ரோட்டில் தொழிற்சாலை. 1961-ல் ஹெரால்டு. இங்கிலாந்தில் சீக்கிரமே 1147 சிசி எஞ்சினுக்கு மாறிவிட்டார்கள். நம்ம ஊரில் கடைசிவரை 948 சிசிதான். ஆனால் நாலு கதவு ஹெரால்டை 1968-ல் செய்தது மெட்ராஸ்தான். இங்கிலாந்தில் அப்படி ஒன்று கிடையவே கிடையாது. சேலையோடு பின் சீட்டுக்குப் போக இரண்டு கதவு கார் எவ்வளவு வசதி என்று கோவென்ட்ரிக்காரர்களுக்கு எங்கே தெரியும்! பிறகு பின்சக்கர அமைப்பையே மாற்றி கெஸல் என்று ஒன்று. இன்னொரு வேடிக்கை: இங்கிலாந்தில் ஸ்டாண்டர்டு என்ற பெயரையே 1963-ல் விட்டுவிட்டார்கள். மெட்ராஸில் அந்தப் பெயர் 80-களின் கடைசி வரை, ஸ்டாண்டர்டு 2000 வரை, வண்டியில் இருந்தது. அந்தத் தொழிற்சாலை இடத்தில் இப்போது ஐ.டி. பார்க். என்னோடு படித்தவர்களில் இரண்டு பேர் அங்கே வேலை பார்த்தார்கள்.

ரெஸ்டோர் பண்ண ஆரம்பித்ததும் முதலில் வந்த குழப்பம், எதை 'ஒரிஜினல்' என்பது. இங்கிலாந்து பார்ட்ஸ் கேட்டலாக்கைப் பார்த்து ஒரு சீட் துணியை ஆர்டர் பண்ணப் போனேன். கிளப்பில் ஒரு பெரியவர், எண்பது தாண்டியவர், தடுத்தார். உன் வண்டி கோவென்ட்ரி வண்டி இல்லை, இங்கே பூட்டிய வண்டி. அடியில் ஒட்டியிருக்கிற பழைய துணியைப் பார், அதுதான் சாட்சி என்றார். பின் சீட்டைத் தூக்கிப் பார்த்தால் வெயில் படாத ஓரத்தில் ஒரு விரற்கடை அளவுக்குப் பழைய நிறம் அப்படியே இருந்தது. கேட்டலாக்கில் இல்லாத ஒரு சாம்பல் கலந்த பச்சை. பெயின்ட்டும் அப்படித்தான், கதவு ரப்பருக்கு அடியில் கிடைத்தது. அன்றிலிருந்து எதையும் தூக்கிப்போடுவதற்கு முன்னால் போட்டோ எடுக்கிறோம். (இதை நம்ம பிள்ளைகளோடு ஒப்பிட்டு இரண்டு பத்தி எழுதலாம் என்று கை துறுதுறுக்கிறது. வேண்டாம். கார் காராகவே இருக்கட்டும்.)

பசங்களைக் கூட வைத்துக்கொண்டு இந்த வேலையில் இறங்குகிறவர்களுக்கு ஒன்று சொல்லியாக வேண்டும். பழைய பிரேக், கிளட்ச், கேஸ்கெட் இதிலெல்லாம் ஆஸ்பெஸ்டாஸ் இருக்க வாய்ப்பு அதிகம். பழைய பெயின்ட்டில் ஈயம். பிரேக் டிரம்மைக் கழற்றி, உள்ளே இருக்கிற தூசியைக் காற்றடித்து ஊதவே கூடாது. பெயின்ட்டை உலர்வாகத் தேய்க்கக் கூடாது. அந்த இரண்டு வேலையையும் நான் வெளியே கொடுத்துவிட்டேன். என் மகளுக்கு ஒன்பது வயது. அவளுக்கு போல்ட்டுகளை டப்பாவில் போட்டு லேபிள் ஒட்டுகிற வேலை. ஹெரால்டில் பானட் மட்கார்டோடு சேர்ந்து மொத்தமாக முன்பக்கம் கவிழும். முன் டயர் மேலேயே உட்கார்ந்துகொண்டு எஞ்சினில் வேலை பார்க்கலாம். அந்த டயர்தான் அவளுடைய நாற்காலி.

ஆஸ்பெஸ்டாஸால் அப்பாவோடு ஒரு சண்டையும் வந்தது. மூன்று மாதம் எங்களோடு இருக்க தாம்பரத்திலிருந்து வருவதற்கு முன்னால், புதுப்பேட்டையில் கடை கடையாக ஏறி, பின் டிரம்முக்கான பிரேக் ஷூ ஒரு செட் பிடித்துவிட்டார். பழைய ஸ்டாக், பிரிக்காத பெட்டி. போனில் அவர் குரலில் அப்படி ஒரு சந்தோஷம்.

"கொண்டு வராதீங்கப்பா. அதுல ஆஸ்பெஸ்டாஸ் இருக்கும். இங்க 2003 கடைசியில இருந்து முழுத் தடை. ஒரு வாஷர்ல இருந்தாக்கூட உள்ள விட மாட்டாங்க."

"ரெண்டு கிலோ கூட வராதுடா."

"எடை இல்லப்பா பிரச்சினை."

போனை வைத்துவிட்டார். இரண்டு நாள் பேசவில்லை. வரும்போது ஷூ கொண்டு வரவில்லை. ஒரு கியர் குமிழை மட்டும் வேட்டியில் சுற்றிக் கொண்டு வந்தார். பெரியப்பாவின் ஹெரால்டில் இருந்தது. அந்த வண்டியில் மிஞ்சியது அது ஒன்றுதான்.

பெரியப்பா வண்டியின் கதையை நான் சின்ன வயதிலிருந்து கேட்டிருக்கிறேன். 70-களில் செகண்ட் ஹேண்டாக வாங்கியது. அப்பாவுக்கு அப்போது இருபது வயது. வண்டியைத் துடைப்பது, தண்ணி ஊற்றுவது எல்லாம் அவர் பொறுப்பு. ஒருநாள் கூடுவாஞ்சேரி மார்க்கெட் பக்கம் மெதுவாகத் திருப்பும்போது முன்பக்கத்து இடது சக்கரம் அப்படியே உள்பக்கம் மடங்கி, வண்டி முழங்கால் மடக்கின மாடு மாதிரி ரோட்டில் உட்கார்ந்துவிட்டது. யாருக்கும் அடியில்லை. ஆனால் பெரியம்மா அதற்கப்புறம் அந்த வண்டியில் ஏறவே இல்லை. வந்த விலைக்குக் கொடுத்துவிட்டார்கள். பெரியப்பா பிறகு கார் வாங்கவே இல்லை, ரிட்டயர் ஆகும்வரை எலெக்ட்ரிக் ட்ரெயின்தான். "வெள்ளைக்காரன் வண்டி நம்ம ரோட்டுக்கு லாயக்கில்ல" என்பதுதான் எங்கள் வீட்டுத் தீர்ப்பு. அந்தக் கதை முடியும்போதெல்லாம் அப்பா ஒரு வரி சேர்ப்பார்: "நான் மாசம் தவறாம கிரீஸ் அடிச்சு வச்சிருந்தேன், அப்படியும் ஒடஞ்சுது."

எங்கள் வண்டியின் முன் சக்கரங்களைக் கழற்றின அன்றுதான் எனக்கு விஷயம் புரிந்தது. ஹெரால்டில் சக்கரத்தைத் தாங்குகிற செங்குத்துத் தண்டின் அடிமுனையில் மரை இருக்கும். அது டிரன்னியன் என்கிற ஒரு வெண்கல உறைக்குள் திருகி உட்கார்ந்திருக்கும். ஸ்டீயரிங்கைத் திருப்பும்போதெல்லாம் அந்த மரை உறைக்குள் திரும்பும். அதற்கு விட வேண்டியது கெட்டியான கியர் ஆயில், மேனுவல் பாஷையில் ஈ.பி. 90. நம்ம ஊர் மெக்கானிக் பாஷையில் தொண்ணூறு நம்பர் ஆயில். ஆனால் அந்த இடத்தில் நிப்பிளைப் பார்த்தால் அச்சு அசலாக கிரீஸ் நிப்பிள். பார்க்கிற யாரும் கிரீஸ் கன்னைத்தான் எடுப்பார்கள். கிரீஸ் மரையின் அடிவரை இறங்காது. நாளாக ஆக இறுகி மெழுகாகிவிடும். தண்ணீர் புகுந்து தண்டு உள்ளுக்குள்ளேயே துருப்பிடிக்கும். வெளியே பார்த்தால் ஒன்றும் தெரியாது. பிறகு ஒருநாள், பெரும்பாலும் மெதுவாக முழுசாகத் திருப்பும்போது, முறியும். ஹெரால்டு கிளப்புகளில் எங்கே போனாலும் புது ஆளிடம் முதலில் சொல்வது இதைத்தான். எங்கள் வண்டியிலும் யாரோ ஒரு புண்ணியவான் கிரீஸ் அடித்திருந்தார். இரண்டு தண்டுகளும் மரையில் அரித்துப்போயிருந்தன. ஹெரால்டின் சேஸிஸ் வழியில் வந்ததுதான் ஸ்பிட்ஃபயர் என்பதால் இந்த மாதிரி பாகங்கள் இன்னும் இங்கிலாந்தில் புதிதாகக் கிடைக்கின்றன. ஆர்டர் போட்டேன்.

அப்பாவிடம் சொல்லவில்லை. சொல்லி என்ன ஆகப்போகிறது? நாற்பது வருஷத்துக்கு மேல் ஆச்சு. பெரியப்பாவும் போய்ச்சேர்ந்து வருஷங்கள் ஆகிவிட்டன. மெதுவாக, வேறு ஏதோ பேச்சில் சொல்லிக்கொள்ளலாம் என்று தள்ளிப்போட்டேன். உண்மையைச் சொன்னால், சொல்லாமலே விட்டிருப்பேன்.

புதுத் தண்டு வந்த சனிக்கிழமை, அதை மாட்டும்போது அப்பா கிரீஸ் கன்னை எடுத்துத் துடைத்துத் தயாராக வைத்திருந்தார். மகள் டயர் மேல் உட்கார்ந்து மேனுவலைப் புரட்டிக்கொண்டிருந்தாள். இங்கிலீஷில் வாசித்து அவளுக்குத் தெரிந்த தமிழில் தாத்தாவுக்குச் சொல்வது அவளுக்கு ஒரு விளையாட்டு.

"தாத்தா, இங்க கிரீஸ் இல்ல. ஆயில் போடணுமாம்."

"எங்கம்மா போட்டிருக்கு? மறுபடி படி."

படித்தாள். படத்தையும் காட்டினாள். அப்பா கண்ணாடியைப் போட்டுக்கொண்டு அந்தப் பக்கத்தை வெகுநேரம் பார்த்தார். அவருக்கு இங்கிலீஷ் நன்றாகவே வாசிக்க வரும். பிறகு என்னைப் பார்த்தார்.

"உனக்குத் தெரியுமா?"

"போன மாசம்தான்பா தெரிஞ்சுது."

கழற்றி வைத்திருந்த பழைய தண்டை எடுத்து, அரித்துப்போன மரையில் கட்டைவிரலை வைத்துத் தடவினார். கிரீஸ் கன்னைக் கீழே வைத்துவிட்டு உள்ளே போய்விட்டார். அன்றைக்கு மத்தியானம் சாப்பிடும்போது காரைப் பற்றி யாரும் பேசவில்லை. மகள் மட்டும் தான் ஏதோ தப்பு செய்துவிட்டதாக நினைத்து என்னையும் அவரையும் மாறி மாறிப் பார்த்துக்கொண்டிருந்தாள்.

சாயங்காலம் அவரே கராஜுக்கு வந்தார். "தொண்ணூறு நம்பர் இங்க எங்க கிடைக்கும்?" என்றார். கடைக்குப் போய் வாங்கி வந்தோம். இரண்டு பக்கமும் அவர்தான் ஆயில் விட்டார், மேலே கசிந்து வரும்வரை. கசிந்ததை அவரே துடைத்தார். "நிப்பிளைப் பாத்தா கிரீஸ் நிப்பிள் மாதிரிதான்டா இருக்கு" என்றார், யாரிடம் என்று இல்லாமல். "அண்ணன் என்னை ஒரு வார்த்தை கேக்கல" என்றும் சொன்னார்.

அப்பா கிளம்பும்போது வண்டி ஓடவில்லை. விக்டோரியாவில் 25 வருஷத்துக்கு மேற்பட்ட வண்டிக்கு கிளப் பெர்மிட் வாங்கலாம். வருஷத்துக்கு 45 நாளோ 90 நாளோ, ஒவ்வொரு நாள் ஓட்டுவதற்கு முன்னால் லாக் புக்கில் எழுத வேண்டும். சிட்னிக்காரர்களுக்கு 30 வருஷம், 60 நாள். ஆனால் எல்லாவற்றுக்கும் முன்னால் வண்டி ரோட்டில் ஓட லாயக்கு என்று சர்டிஃபிகேட் வேண்டும், அதற்கு பிரேக் வேண்டும். கியர் குமிழை மட்டும் போகும்போது அவரே மாட்டிவிட்டுப் போனார். மரை ஒத்துப்போனது. இது மெல்பர்ன் வண்டியின் குமிழ் இல்லை என்று கிளப் பெரியவர் நிச்சயம் கண்டுபிடிப்பார். கண்டுபிடிக்கட்டும்.

போன வாரம் பிரேக் ஷூ இங்கிலாந்திலிருந்து வந்து சேர்ந்தது. பெட்டியில் ஆஸ்பெஸ்டாஸ் இல்லை என்று அச்சடித்திருந்தது. அதைப் போட்டோ எடுத்து அப்பாவுக்கு அனுப்பினேன். கொஞ்ச நேரம் கழித்து வாய்ஸ் மெசேஜ் வந்தது: "சரி, சரி. டிரன்னியன்ல ஆயில் இருக்கான்னு பாப்பாவைப் பாக்கச் சொல்லு."