மைத் துளியின் விலை

தளேகாவில் 1908-ஆம் ஆண்டு ஒரு கண்ணாடித் தொழிற்சாலை எழுந்தது. பொதுமக்கள் ஆளுக்கு ஒரு பைசா வீதம் அளித்த நிதியைக் கொண்டு, திலகரின் ஆதரவுடன் அமைந்ததால் அதற்குப் பைசா ஃபண்ட் என்றே பெயர். சிறு தொகை சேர்ந்தால் என்னவாகும் என்று இவ்வூரில் எவருக்கும் விளக்க வேண்டியதில்லை. ஆனால் சிறு தொகை கரைந்தால் என்னவாகும் என்பதை, வீட்டுக்குப் புகைப்படப் பிரிண்டர் வாங்குவோர் பலர் எண்ணிப் பார்ப்பதில்லை.

கடையில் மலிவாகக் கிடைக்கும் பிரிண்டரின் உண்மையான விலை அதன் கார்ட்ரிட்ஜில் இருக்கிறது. சவரக் கைப்பிடியைக் குறைந்த விலைக்கு விற்று, பிளேடில் இலாபம் காணும் பழைய வணிக முறைதான் இது. இதற்கு மாற்றாக, பாட்டிலிலிருந்து மை நிரப்பும் தொட்டி வகைப் பிரிண்டரை எப்சன் நிறுவனம் 2010-இல் முதன்முதலாக இந்தோனேசியாவில் அறிமுகப்படுத்தியது. இன்று கேனான், எச்.பி. ஆகியவையும் அவ்வகையை விற்கின்றன. பிரிண்டரின் விலை கூடுதல்; மையின் விலை மிகக் குறைவு.

அப்படியானால் தொட்டி வகையே அனைவருக்கும் ஏற்றதா? கணக்கிட்டுப் பார்க்கலாம். எடுத்துக்காட்டுக்காகக் கார்ட்ரிட்ஜ் பிரிண்டர் 5,000 ரூபாய், தொட்டிப் பிரிண்டர் 14,000 ரூபாய் என்று கொள்வோம். நான்குக்கு ஆறு அங்குலப் படம் ஒன்றுக்கு மைச் செலவு முன்னதில் 10 ரூபாய், பின்னதில் 2 ரூபாய். தாள் இரண்டிலும் 5 ரூபாய். படத்துக்கு 8 ரூபாய் மிச்சம் என்றால், கூடுதலாகக் கொடுத்த 9,000 ரூபாய் திரும்பி வர 1,125 படங்கள் அச்சிட வேண்டும். மாதம் பத்துப் படம் அச்சிடும் குடும்பத்துக்கு இது ஒன்பது ஆண்டுகளுக்கும் மேல். மாதம் முப்பது என்றால் மூன்றாண்டுகளுக்குச் சற்றுக் கூடுதல். ஸ்டூடியோவில் ஒரு படத்துக்கு 15 ரூபாய் வாங்குவதாகக் கொண்டால், முழு 14,000 ரூபாயையும் ஈடுகட்ட 1,750 படங்கள் தேவை. உங்கள் ஊர்க் கடை விலைகளை இட்டு இக்கணக்கை நீங்களே போட்டுப் பாருங்கள். என் கருத்தில், ஆண்டுக்கு இரண்டு மூன்று விழாக்களுக்கு மட்டும் படம் அச்சிடுவோர் பிரிண்டரே வாங்க வேண்டியதில்லை. பிள்ளைகளின் பள்ளி வேலையும் சேர்ந்து இயந்திரம் வாரந்தோறும் ஓடும் வீட்டுக்கே தொட்டி வகை பொருந்தும்.

பெட்டியின்மேல் அச்சிட்டிருக்கும் பக்க எண்ணிக்கையை அப்படியே நம்பிவிடக் கூடாது. அது பெரும்பாலும் ஐஎஸ்ஓ 24711 முறைப்படி, ஆவணப் பக்கங்களைக் கொண்டு அளந்தது. புகைப்படத்திலோ தாள் முழுவதும் மை படிகிறது. மேலும், பிரிண்டர் தன் அச்சுமுனையைத் தானே கழுவிக்கொள்ளும்போதும் மை செலவாகி, உள்ளேயிருக்கும் கழிவுப் பஞ்சில் போய்ச் சேர்கிறது. பல நாள் சும்மா கிடந்தால் அச்சுமுனை காய்ந்து அடைத்துக்கொள்ளும். அதை நீக்க மீண்டும் மீண்டும் கழுவ வேண்டிவரும். ஆகவே வாரம் ஒரு வண்ணப் பக்கமாவது அச்சிடுவது நன்று. அணைக்கும்போது சுவரிலுள்ள சுவிட்சை நேரே அணைக்காமல், பிரிண்டரின் பொத்தானை அழுத்தி அணைக்க வேண்டும். அப்போதுதான் அச்சுமுனை மூடிக்குள் சென்று ஈரம் காக்கும்.

வேறு நிறுவன மை வாங்கலாமா என்பது அடுத்த கேள்வி. எச்.பி.யின் சில பிரிண்டர்கள் 2016 செப்டம்பரில் பிற நிறுவனக் கார்ட்ரிட்ஜ்களை ஏற்க மறுத்ததும், அந்நிறுவனம் பின்னர் வருத்தம் தெரிவித்ததும் செய்தியாயின. வாங்கும் மாதிரி பிற மையை ஏற்குமா, உத்தரவாதத்தில் அது குறித்து என்ன எழுதியுள்ளது என்பதை முன்கூட்டியே கேட்டறிக. தவணையில் வாங்குவோருக்கும் ஒரு சொல்: பூஜ்ய வட்டி என்று ஒன்று கிடையாது என ரிசர்வ் வங்கி 2013-லேயே வங்கிகளுக்குத் தெளிவுபடுத்திவிட்டது. ரொக்க விலைத் தள்ளுபடி, செயலாக்கக் கட்டணம் ஆகியவற்றைச் சேர்த்துப் பார்த்தால் வட்டி எங்கே ஒளிந்திருக்கிறது என்பது புலப்படும்.

மாவள் வட்டாரத்து மழை, படத்தாளுக்கும் பகை. பிரித்த தாளை உறையில் இறுக மூடி வைக்காவிட்டால் ஈரம் ஏறிச் சுருளும். வங்கிப் படிவத்துக்கு என வீட்டில் அச்சிட்டுக் கொணரும் பாஸ்போர்ட் படங்களிலும் இக்குறையைக் காண்கிறேன். சாதாரணத் தாளில் சாய மையால் அச்சிட்ட படம், ஈரக் கை பட்டாலே கலங்கிவிடுகிறது. அடையாளம் தெரியாத படத்தை எந்த அலுவலரும் ஏற்க இயலாது. நான்குக்கு ஆறு அங்குலப் பளபளப்புத் தாள் ஒன்றில் 35-க்கு 45 மில்லிமீட்டர் அளவில் எட்டுப் படங்கள் அமையும். அச்சிட்டபின் சிறிது நேரம் உலரவிட்டு வெட்டினால் போதும்.