மோனோலித் அல்ல, சரி, அப்புறம்?

அமெரிக்கத் தேர்தல் முடிந்த கையோடு தொலைக்காட்சி விவாதங்களில் ஒரு வாக்கியம் தவறாமல் வந்துவிடும்: "லத்தீனோக்கள் மோனோலித் அல்ல." அதாவது, லத்தீன் அமெரிக்க வம்சாவளியினர் ஒரே அச்சில் வார்த்த கூட்டம் அல்ல. உண்மைதான், மயாமியின் கியூபா வம்சாவளியினரும் நியூயார்க்கின் போர்ட்டோ ரிக்கோக்காரர்களும் ஒரே மாதிரி வாக்களிப்பதில்லை. ஆனால் டெக்சாஸ் எல்லையோரத்து ஸ்டார் கவுன்டியைப் பாருங்கள். அநேகமாக எல்லோரும் மெக்சிகோ வம்சாவளியினர். 2016இல் ஹிலாரி கிளின்டன் அங்கே சுமார் 60 சதவீதப் புள்ளிகள் முந்தினார். 2020இல் பைடனுக்கு அது 5 ஆகச் சுருங்கியது. 2024இல் டிரம்ப்பே வென்றார். ஊரும் பூர்வீகமும் மாறவில்லை, வாக்கு மாறியது. அவசரமாகப் பொதுமைப்படுத்துவதையாவது அந்த வாக்கியம் தடுக்கிறதே என்பார்கள். தடுக்கட்டும், ஆனால் எல்லைக் காவல் வேலை, எண்ணெய் வயல் சம்பளம், விலைவாசி என்று காரணம் தேடவேண்டிய இடத்தில் அது பேச்சையே முடித்துவைக்கிறது. இனி யாராவது அப்படிச் சொன்னால், யார், எதில், ஏன் வேறுபடுகிறார்கள் என்று கேட்டுவிடுங்கள்.