குறுந்தகட்டின் மேல் ஒரு விரிப்பு



மண்பானை வாங்கச் செல்லும் தாய்மார்கள் அதனைச் சுண்டிப் பார்த்து, ஓசையைக் கேட்ட பின்னரே விலை பேசுவர். ஓசையைக் கொண்டு பொருளை அளந்தறியும் இந்த நல்வழக்கம், ஓசையே விற்பனைப் பொருளாக வரும்போது மட்டும் நம்மை விட்டு நழுவிவிடுகிறது. குறுந்தகடுகளுக்கென விற்கப்படும் விரிப்பு இதற்கு நல்லதோர் எடுத்துக்காட்டு.

‘சி.டி. மேட்’ எனப்படும் இவ்விரிப்பு, குறுந்தகட்டின் அளவிலேயே வட்டமாக வெட்டப்பட்ட மெல்லிய வில்லை. கார்பன் இழையில் செய்ததும் உண்டு. பிளாஸ்டிக்கில் செய்ததும் உண்டு. தகட்டின் அச்சிட்ட மேற்புறத்தில் இதனை வைத்து இயக்கினால் அதிர்வு அடங்கும், சிதறும் ஒளி உறிஞ்சப்படும், ஆகவே பாடுபவரின் குரல் தெளியும் என்பது விற்போர் வாதம். ஒரு விரிப்பு குரலை இனிமையாக்குகிறது, மற்றொன்று தாளத்தை ஆழமாக்குகிறது என்று ஒப்பிட்டு உரைப்போரும் உளர். விலையோ சில ஆயிரம் ரூபாய் வரை செல்கிறது.

இந்த நம்பிக்கைக்கு ஒரு வேர் உண்டு. பழைய கிராமபோன் இசைத்தட்டில் ஊசி, பள்ளத்தைத் தொட்டுக்கொண்டே ஓடுகிறது. பெட்டியின் மோட்டார் அதிர்ந்தால் அந்த அதிர்வும் தட்டின் வழியே ஊசிக்கு ஏறும். எனவே தட்டுக்கு அடியில் ரப்பரோ கம்பளித் துணியோ விரிப்பதில் நியாயம் இருந்தது. நாகூர் இ.எம். ஹனீபா அவர்களின் கம்பீரக் குரல் இசைத்தட்டிலிருந்து ஒலிநாடாவுக்கும், பின்னர் குறுந்தகட்டுக்கும் இடம் மாறியது. அவ்வாறே விரிப்பும் இடம் மாறி வந்துவிட்டது; அதற்கான காரணம்தான் உடன் வரவில்லை.

1982ஆம் ஆண்டு விற்பனைக்கு வந்த குறுந்தகட்டில் ஊசி இல்லை, தொடுதலும் இல்லை. ஒலி அங்கே நொடிக்கு 44,100 முறை அளக்கப்பட்டு, எண்களாக எழுதப்பட்டிருக்கிறது. லேசர் ஒளி அடிப்புறத்திலிருந்து அந்த எண்களைப் படிக்கிறது. தகடு சுழலும் வேகம் சற்றே கூடினாலும் குறைந்தாலும், படித்த எண்கள் ஒரு சிறு நினைவகத்தில் தேங்கி, குவார்ட்ஸ் படிகக் கடிகாரத்தின் சீரான கணக்கிலேயே வெளியேறுகின்றன. மழை விட்டு விட்டுப் பெய்தாலும் கண்மாயின் மடை ஒரே சீராக நீர் விடுவதில்லையா? அதுபோலத்தான் இதுவும்.

படிப்பதில் பிழை நேர்ந்தால்? அதற்கும் வழி செய்திருக்கிறார்கள். எண்கள் அடுத்தடுத்து வைக்கப்படாமல், திருத்தக் குறிப்புகளுடன் கலைத்துப் பரப்பி எழுதப்பட்டுள்ளன. ஆகையால் தடத்தின் நெடுகே ஏறத்தாழ இரண்டரை மில்லிமீட்டர் அழிந்திருந்தாலும் இழந்த எண்களை அப்படியே மீட்டுவிடலாம். நம் கோவில்பட்டித் தீக்குச்சி ஒன்றின் பருமனைவிடச் சற்றே மிகுதி என்று கொள்ளுங்கள். இந்த அளவை வெகுவாக மீறிப் பிழை பெருகினால் பாட்டு ‘டிக்’கென்று வெட்டும், தாவும், அல்லது நின்றுபோகும். மாறாக, குரலின் இனிமை சற்றே குறைவது, தாளத்தின் ஆழம் சற்றே கூடுவது என்னும் நுண்ணிய மாறுதல் இப்பிழையால் விளைவதில்லை. விரிப்பு தீர்ப்பதாகச் சொல்லும் நோய் இந்தத் தகட்டுக்கு இல்லவே இல்லை!

“ஆயினும் என் காதுக்கு வேறுபாடு கேட்கிறதே” என்பவர் பொய் சொல்பவர் அல்லர். விலை கொடுத்தவர் மனம் பயனை எதிர்பார்க்கும். எதிர்பார்ப்பு காதுக்கு முந்திக்கொள்ளும். இதனைச் சோதித்தறியக் காசு வேண்டியதில்லை. நண்பர் ஒருவர் அடுத்த அறையில் நாணயத்தைச் சுண்டி, பூ விழுந்தால் விரிப்புடனும், தலை விழுந்தால் விரிப்பின்றியும் ஒரே பாட்டைப் பத்து முறை போடட்டும். நீங்கள் பாராமல் கேட்டு, ஒவ்வொரு முறையும் எது என்று எழுதுங்கள். ஏழு சரியாக வந்தால் மகிழ்ந்துவிட வேண்டாம். குருட்டு ஊகத்திலேயே நூற்றுக்குப் பதினேழு முறை ஏழோ அதற்கு மேலோ சரியாகும். ஒன்பதோ பத்தோ சரியாவது நூற்றுக்கு ஏறத்தாழ ஒரு முறைதான். அந்த அளவுக்குத் தேறும் வரை காசை அவிழ்க்க வேண்டாம்.

விரிப்பால் தீங்கும் உண்டு. தகட்டைத் தானே உள்ளிழுத்துக்கொள்ளும் கருவிகளில் அது சிக்கிக்கொள்ளும். நழுவினால் லென்சும் பழுதாகும்.

கரிசல் சீமையில் குறுந்தகட்டின் மெய்யான பகைவர்கள் வேறு. கோடையில் வெடித்த மண்ணிலிருந்து எழும் புழுதி, சாளரத்தின் வழியே விழும் வெயில், நம் கைவிரல் பிசுக்கு ஆகிய மூன்றுமே அவை. துடைக்கும்போது மென்மையான பருத்தித் துணியால் நடுவிலிருந்து விளிம்பு நோக்கி நேராகத் துடையுங்கள். வட்டமாகத் தேய்க்க வேண்டாம். குறுக்குக் கீறல் ஒவ்வொரு சுற்றிலும் சிறு துளியைத்தான் கெடுக்கும், அதைக் கருவியே திருத்திக்கொள்ளும். வட்டக் கீறலோ தடத்தின் நெடுகே ஓடித் திருத்த இயலாத அளவுக்கு அழித்துவிடும். அச்சிட்ட மேற்புறத்தை இன்னும் கவனமாகக் காக்க வேண்டும். ஒளியைத் திருப்பும் உலோகப் படலம் அங்கேதான், மெல்லிய பூச்சுக்கு அடியில் இருக்கிறது. அங்கே கூர்முனைப் பேனாவால் எழுதுவதும், காகிதச் சீட்டு ஒட்டுவதும் வேண்டாம்.

இன்று குறுந்தகட்டுக் கருவிகள் அருகிவிட்டன. எனினும் பல வீடுகளின் அலமாரிகளில் திருமண நிகழ்ச்சிகளும், மறைந்த பெரியவர்களின் குரல்களும் தகடுகளில் உறங்குகின்றன. வீட்டிலும் ஸ்டூடியோவிலும் பதிந்தெடுத்த தகடுகளில் எழுத்தைத் தாங்குவது ஒரு சாயப் படலமே; வெயில் பட்டால் அது மங்கும். விரிப்புக்குச் செலவிடும் பணத்தில் ஒரு சிறு பங்கேனும் அவற்றைக் கணினியில் படியெடுக்கப் பயன்படட்டும். எண்கள் பிழையின்றிப் படியெடுக்கப்பட்டால், பத்தாவது படியும் முதற்படியைப் போன்றே ஒலிக்கும்.

பாட்டனாரின் குரலுக்கு விரிப்பு வேண்டியதில்லை. படி ஒன்று வேண்டும். அலமாரியை இந்த வாரமே திறந்து பாருங்கள்.