பஸ் பிடிக்கிறதுக்கு முன்னாடி ஒரு கேள்வி



கோயில் நிலத்துக்காக ஞாயிற்றுக்கிழமை எல்லாரும் பஸ் பிடிச்சு புத்ராஜெயா போகணுமாம். வாட்ஸ்அப்பில் மூணு நாளா இதே சூடு. (ஞாயிறு அங்கே ஆபீஸ் பூட்டியிருக்கும், அது வேற கதை.) எதிர்த்துக் கேட்டா "பயந்தாங்கொள்ளி". கோயில் தொண்டர்கள் நாங்க கேட்கிறது இவ்வளவுதான்: கிராண்டில் கையெழுத்துப் போடுறது யாரு?

கேரளாவில் மூணாறு. நம்மைப் போலவே தேயிலைத் தோட்டத்துத் தமிழ் சனங்க. 2015 செப்டம்பரில் போனஸை 20 சதவீதத்திலிருந்து 10 ஆகக் குறைச்சதும் பெண்கள் ரோட்டில் உட்கார்ந்தாங்க. சங்கத் தலைவர்களையே கிட்ட சேர்க்கலை. ஒன்பது நாள் ஊரே நின்னுச்சு. போனஸ் 8.33, கருணைத்தொகை 11.67, ஆக 20 சதவீதம் வாங்கிட்டாங்க. போனஸ் கொடுக்க வேண்டிய கம்பெனி அதே ஊரில் இருந்தது. அடி சரியான இடத்தில் விழுந்தது.

அடுத்து 232 ரூபாய் தினக்கூலியை 500 ஆக்கச் சொல்லி மறுபடி மறியல். கிடைச்சது 301. கூலியை முடிவு பண்றது மாநிலத் தோட்டங்களுக்கெல்லாம் பொதுவான ஒரு குழு. முதலாளிகளும் பழைய சங்கங்களும் உட்காருற இடம். அந்தப் பெண்களின் 'பெம்பிளை ஒருமை'க்கு அங்கே நாற்காலி இல்லை. தைரியம் அதேதான், தட்டின கதவு வேற.

நம்ம கதைக்கு வருவோம். இந்த நாட்டு அரசமைப்பில் நிலம் மாநில அதிகாரம். நமக்குக் கதவு குவாந்தானில் இருக்கு. தோட்டம் கம்பெனி பேரில் இருக்கிறதால, கோயில் துண்டைப் பிரிச்சுத் தர கம்பெனி சம்மதிக்கணும், பகாங் அரசு அனுமதிக்கணும். "தாத்தா காலத்திலிருந்து கும்பிடுறோம்" என்பது நமக்குப் பெருமை, ஆனா தேசிய நிலச் சட்டத்தில் அனுபவிச்ச வருஷக் கணக்கு உரிமை ஆகாது. வேலைநிறுத்தம்னு மிரட்டவும் வழியில்லை. இன்னைக்குக் கொழுந்து பறிக்கிறவங்க பெரும்பாலும் வெளிநாட்டுத் தொழிலாளிங்க. பேனர் முன்னால போட்டோ எடுத்துட்டு மலையிறங்குற தலைவருங்களுக்கு இந்தக் கவலையெல்லாம் எதுக்கு?

போராட்டமே வேண்டாம்னு சொல்லலை. முதல்ல கம்பெனிக்கு எழுத்துல மனு, நில அலுவலகத்தில் நகல், நம்ம சட்டமன்ற உறுப்பினர் கையில் ஒண்ணு. பதில் வராம இழுத்தா, சுற்றுலாக்காரங்க மலையேறுற பள்ளி விடுமுறையில், தோட்ட வாசலில், நாங்களே முதல் ஆளா நிப்போம். அது கம்பெனிக்கு வலிக்கிற இடம்.

புதன்கிழமை ராத்திரி பூசை முடிஞ்சு மண்டபத்தில் உட்காருவோம். பழைய கடிதம், திருவிழா பெர்மிட், ரசீது எது இருந்தாலும் எடுத்து வாங்க. பஸ்ஸுக்கு வசூலிச்ச காசைத் திருப்பித் தர வேண்டாம், நிலம் அளக்கிற சர்வேயருக்கு ஆகும்.