ஆர்.கே.பேட்டைப் பாட்டியின் விலாசம்

திருத்தணிக்குப் போயிருப்பீர்கள். 365 படிகளையும் ஏறி முருகனைத் தரிசித்துவிட்டு, மூச்சு வாங்கக் கீழே இறங்கி, கிடைத்த ரயிலையோ பஸ்ஸையோ பிடித்து ஊர் திரும்பியிருப்பீர்கள். அங்கிருந்து மேற்கே போகிற பஸ்ஸில் ஏறிப் பார்த்தவர்கள் உங்களில் எத்தனை பேர்? ஏறினால் ஒரு மணி நேரத்துக்குள் ஆர்.கே.பேட்டை வந்துவிடும். முழுப் பெயர் ராமகிருஷ்ணராஜுப்பேட்டை. அவ்வளவு நீளத்தையும் சொல்லி டிக்கெட் வாங்க யாருக்குப் பொழுது இருக்கிறது? கண்டக்டரிலிருந்து கலெக்டர் வரையில் எல்லோருக்கும் அது ஆர்.கே.பேட்டைதான்.

தெற்கே சோளிங்கர், அங்கே மலைமேல் நரசிம்மர். வடக்கே பள்ளிப்பட்டு, அதைத் தாண்டினால் ஆந்திரா. நடுவில் மொட்டைப் பாறைக் குன்றுகளும், மழை பெய்தால் நிறைகிற ஏரிகளும், வேர்க்கடலைக் கொல்லைகளும். கோடை வந்தால் கேட்கவே வேண்டாம். தமிழ்நாட்டிலேயே அதிக வெயில் அடித்த ஊர்கள் என்று பத்திரிகையில் போடும் பட்டியலில் திருத்தணி அடிக்கடி இடம் பிடித்துவிடும். அந்த வெயில் ஆர்.கே.பேட்டையை மட்டும் விட்டுவைக்குமா?

சுற்று வட்டாரத்தில் தறிச் சத்தம் கேட்காத ஊர் குறைவு. அம்மையார்குப்பம், பொதட்டூர்ப்பேட்டை எல்லாம் நெசவுக்குப் பெயர் போனவை. கைத்தறி இருந்த இடத்தை விசைத்தறி பிடித்துக்கொண்டு வெகு காலமாகிறது. பாஷை இரண்டு. கடைத்தெருவில் தமிழில் பேரம் பேசி முடித்த அம்மாள், வீட்டுக்குள் நுழைந்ததும் தெலுங்கில் பிள்ளைகளை அதட்டுவாள். இதில் அவளுக்கு ஒரு சிரமமும் கிடையாது. சிரமமெல்லாம் கோடு போட வந்தவர்களுக்குத்தான்.

எப்படி என்கிறீர்களா? 1910-இல் இங்கே ஒரு பெண் பிறந்ததாக வைத்துக்கொள்ளுங்கள். உள்ளூரிலேயே வாழ்க்கைப்பட்டு, எண்பத்தேழு வயது வரை ஊரைவிட்டு அசையவில்லை என்றும் வைத்துக்கொள்ளுங்கள். பிறந்தபோது அவள் வட ஆர்க்காடு ஜில்லாக்காரி. தொட்டிலை விட்டு இறங்குவதற்குள், 1911-இல், சித்தூர் ஜில்லாக்காரி ஆகிவிட்டாள். 1953 அக்டோபர் 1-ஆம் தேதி ஆந்திர ராஜ்யம் பிறந்ததும் அவள் தலைநகர் கர்நூல். 1956 நவம்பர் 1 முதல் ஹைதராபாத். வடக்கெல்லைக்காக ம.பொ.சி.யும் மங்கலங்கிழாரும் கிளர்ச்சி நடத்தி, படாஸ்கர் மத்தியஸ்தம் செய்து, 1959-இல் சட்டமும் வந்து, 1960 ஏப்ரல் 1-ஆம் தேதி திருத்தணிப் பகுதி சென்னை ராஜ்யத்துக்குத் திரும்பியது. பாட்டி செங்கற்பட்டு ஜில்லாவாசி ஆனாள். 1969 பொங்கலன்று ராஜ்யத்தின் பெயர் தமிழ்நாடு ஆயிற்று. 1997-இல் ஜில்லா மறுபடி பிரிந்து திருவள்ளூர் ஆயிற்று. இப்போதோ ஆர்.கே.பேட்டை பேரிலேயே ஒரு தாலுகா இருக்கிறது!

ஆக, ஒரே வீடு, ஒரே கிணறு. ஜில்லா மட்டும் நாலு.

இதில் ஒரு வேடிக்கையைக் கவனியுங்கள். ஜனத்தொகைக் கணக்கு பத்து வருஷத்துக்கு ஒரு முறை எடுப்பது. 1951 கணக்கில் பாட்டி சென்னை ராஜ்யம். 1961 கணக்கிலும் சென்னை ராஜ்யம். இரண்டு புத்தகத்தையும் பக்கத்தில் பக்கத்தில் வைத்துப் பார்க்கிறவருக்கு, நடுவே ஆறரை வருஷம் அவள் ஆந்திராவில் இருந்தது தெரியவே தெரியாது!

அமெரிக்காவில் பென்ஸில்வேனியா ராஜ்யத்தில் சென்ட்ரேலியா என்று ஒரு சின்ன ஊர். 'பரோ' என்பார்கள், நம் பேரூராட்சி மாதிரி. 1962-இல் பூமிக்கு அடியில் நிலக்கரிச் சுரங்கத்தில் பிடித்த தீ இன்னும் அணையவில்லை. 1980-இல் ஆயிரம் பேருக்கு மேல் இருந்த ஊரில் 2020 கணக்கின்படி இருந்தவர்கள் ஐந்தே பேர். அங்கே எல்லைக்கோடு இருந்த இடத்திலேயே இருந்தது, ஜனங்கள் போய்விட்டார்கள். அந்த ஐந்து பேரையும் விடாமல் எண்ணி எழுதி வைத்திருக்கிறார்களே, அதுதான் எனக்கு ஆச்சரியம்.

நம் பாட்டியையும் எண்ணியிருப்பார்கள், சந்தேகமில்லை. ஆனால் என்னவென்று எழுதியிருப்பார்கள்? தறி வீடுகளை நீங்கள் பார்த்திருந்தால் தெரியும். தறியில் உட்காருகிறவர் ஒருவர் என்றால், அவருக்குத் தார் சுற்றிக் கொடுக்க, நூல் இழைக்க, அறுந்த இழையை முடிய, வீட்டுப் பெண்கள் இரண்டு பேராவது வேண்டும். விடியற்காலையில் அடுப்பு மூட்டுவதற்கு முன்னால் ஆரம்பித்து, இரவு பிள்ளைகள் தூங்கிய பிறகும் ராட்டை சுற்றும். கூலி வருவது குடும்பத் தலைவர் கையில். கணக்கெடுப்பவர் வாசலில் நின்று, "அம்மா என்ன வேலை செய்கிறார்கள்?" என்று கேட்டால், உள்ளேயிருந்து ஒரு குரல், "அவளா? சும்மா வீட்டில்தான் இருக்கிறாள்" என்கும். அந்தக் குரலுக்கு உரியவர் கட்டியிருக்கும் வேட்டிக்கான நூலை இழைத்தவளே அவளாக இருக்கலாம்! பல வீடுகளில் அவளே அப்படிச் சொல்லிவிடுவாள் என்பதுதான் இன்னும் வேதனை.

சர்க்கார் விதி அப்படி இல்லை. குடும்பத் தொழிலில் சம்பளம் வாங்காமல் ஒத்தாசை செய்தாலும் அது வேலைதான் என்று விதியில் தெளிவாக இருக்கிறது. வருஷத்தில் ஆறு மாதமோ அதற்கு மேலோ செய்தால் 'முதன்மைத் தொழிலாளி', குறைந்தால் 'குறுந்தொழிலாளி'. வீட்டுத் தொழில் என்று தனி இனமே உண்டு. சமையலும் பாத்திரம் தேய்ப்பதும் இதில் சேராது. அது வேறு வழக்கு, இன்னொரு வாரம் வைத்துக்கொள்ளலாம்.

2021-இல் எடுத்திருக்க வேண்டிய கணக்கு கொரோனாவினால் தள்ளிப்போயிற்று. 2027 மார்ச் 1-ஆம் தேதியை ஆதாரமாக வைத்து எடுப்பதாக 2025 ஜூனில் அறிவித்தார்கள். உங்கள் வீட்டில் தறி இல்லாமல் இருக்கலாம். அப்பளம் இடுகிறீர்களா? தையல் மிஷின் ஓடுகிறதா? கணவரின் கடையில் மத்தியானத்தில் உட்காருவது யார்? வேலை பற்றிய கேள்வி வரும்போது மட்டும் அடுப்பைச் சற்றுத் தணித்துவிட்டு, வாசலுக்கு வந்து நீங்களே பதில் சொல்லுங்கள்.