புது ஜீன்ஸைப் பழசாக்க ஆற்றைக் கெடுப்பதா?



வெயிலில் உழுது நம் வேட்டி வெளுத்தால் காசு இல்லை. புது ஜீன்ஸை வேண்டுமென்றே வெளுத்தால் கூடுதல் விலை! நுரைக்கல்லையும் பிளீச்சிங்கையும் போட்டுப் புரட்டி, பர்மாங்கனேட் அடித்து, திரும்பத் திரும்ப அலசுகிறார்கள். மணலைப் பீய்ச்சி வெளுத்த துருக்கித் தொழிலாளிகள் நுரையீரல் கெட்டுச் செத்தார்கள். 2009-இல்தான் அங்கே தடை வந்தது.

அலசின தண்ணி எங்கே போகும்? திருப்பூரைப் பாருங்கள். அங்கே பனியன் துணிதான். அந்தச் சாய, சலவைக் கழிவே நொய்யலைக் கொன்றது. பாசனத்துக்காக 1992-இல் திறந்த ஒரத்துப்பாளையம் அணை கழிவுக் குட்டையானது. 'அணையில் தண்ணி தேக்காதே' என்று ஆயக்கட்டு விவசாயியே கேட்டான்! அவர்கள் விடாமல் வழக்காடியதில் 2011 ஜனவரியில் சாயப்பட்டறைகளை மூடச் சொன்னது உயர்நீதிமன்றம். தோல் கழிவு சுமந்த பாலாற்றின் கடைமடையில் இருக்கும் நமக்கு அந்த வலி தெரியாதா?

வேறு வழியே இல்லையா? இருக்கிறது. லேசர் ஒளி மேல்சாயத்தைச் சுட்டெடுக்கும். ஓசோன் காற்று கொஞ்சத் தண்ணியிலேயே வெளுக்கும். கல்லுக்குப் பதில் நொதி போதும். ஆனால் மிஷினைக் காட்டி ஏமாற்ற விடக் கூடாது. இதனால் குறைவது வெளுப்புத் தண்ணிதான். நூலுக்குச் சாயமேற்றும் கழிவு அப்படியேதான் இருக்கும். அதையும் சுத்திகரித்துத் திரும்பப் பயன்படுத்தியே ஆகணும்.

மிஷினுக்கு மானியம் கொடுக்கட்டும், வேண்டாமென்று சொல்லவில்லை. சொட்டுக் கழிவும் வெளியே விடாத ஆலைக்கு மட்டும் கொடு! கண்காணிப்புக் குழுவில் கடைமடை விவசாயியை உட்கார வை! செலவில் பங்கை, வெளுத்த துணி கேட்கும் வெளிநாட்டுக் கம்பெனியிடம் வசூல் செய்!